பேச்சு வழிச் சிகிச்சையும் துணைக்குழுக்களும்: தென்னாப்பிரிக்காவில் முதன்முறையாகத் தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் உள்ள நம் வீடுகளில், மனம் சரியில்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவருக்கு நெர்வ்ஸ்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நெடுநாள் வழக்கம். அந்த ஒரு சொல்லுக்குள் பிள்ளை பெற்றவளின் தீராத சோர்வும் இருக்கும், துப்பாக்கி முனையில் காரைப் பறிகொடுத்தவரின் நடுக்கமும் இருக்கும், காரணம் புரியாத தூக்கமின்மையும் இருக்கும், போதையில் விழுந்த மகனை நினைத்துத் தாய் படும் வேதனையும் இருக்கும். இவை வெவ்வேறு துன்பங்கள். இவற்றுக்கான உதவியும் வெவ்வேறு இடங்களில்தான் கிடைக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்ட குடும்பம் எங்களுடையது. என் தமக்கையின் மகனுக்காக நாங்கள் அலைந்து கற்றுக்கொண்டவற்றை, தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அண்மையில் இங்கு வந்தவர்களுக்கும் பயன்படும் வகையில், படிப்படியாக எழுதுகிறேன்.

காத்திருக்கக் கூடாத நிலை

வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால், பின்னால் வரும் படிகள் எதற்கும் காத்திருக்க வேண்டாம். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு என்ற அமைப்பை எல்லோரும் சடாக் என்றே அழைக்கிறார்கள். அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 0800 567 567. பிள்ளைகள் தாமாகவே அழைப்பதற்கும், பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் அழைப்பதற்கும் சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவி அமைப்பின் 116 என்ற எண் இருக்கிறது. மாத்திரைகளை விழுங்கிவிட்டவரையும், தம்மையோ பிறரையோ தாக்கும் நிலையில் இருப்பவரையும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். சாட்ஸ்வர்த்தினருக்கு அது ஆர்.கே. கான் மருத்துவமனை. வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து, உரிமம் பெற்ற துப்பாக்கி ஆகியவற்றை அன்றே கைக்கெட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். கேட்டபின்தான் பலர் முதன்முறையாக வாய் திறக்கிறார்கள்.

ஒரு தாளில் எழுதுவது

உயிருக்கு ஆபத்தில்லை என்றால், முதல் வேலை ஒரு பக்கம் எழுதுவது. எப்போதிலிருந்து இப்படி, தூக்கம் எத்தனை மணி நேரம், உணவு இறங்குகிறதா, வேலைக்கும் பள்ளிக்கும் போக முடிகிறதா, குடிப்பழக்கமோ மருந்துப் பழக்கமோ உண்டா, குடும்பத்தில் முன்பு யாருக்காவது இப்படி வந்ததா என்பவற்றைத் தமிழில், உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். நோயின் பெயரை நீங்களே சூட்ட வேண்டாம். "தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது", "நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருக்கிறது" என்று எழுதினாலே போதும்; அனுபவமுள்ளவர்களுக்கு அதிலேயே பாதி விளங்கிவிடும். பக்கத்து நாடான ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுவோர் மனச்சோர்வைக் குறிக்க 'குஃபுங்கிசீசா' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று அதற்குப் பொருள். நம் ஆயாக்கள் சொல்வதும் அதுதான். அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டு, 2006ஆம் ஆண்டில் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா பாட்டிமாருக்குப் பயிற்சி தந்து, கிளினிக் வாசலில் போட்ட மர பெஞ்சுகளில் அமர்த்தினார். நோயாளியின் சிக்கல்களில் ஒன்றைத் தேர்ந்து, அதைத் தீர்க்கும் வழிகளை ஒவ்வொன்றாக முயன்றுபார்க்கும் எளிய முறையைத்தான் அந்தப் பாட்டிமார் கையாண்டார்கள். அதனால் மனச்சோர்வு குறைந்ததை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பேசிக் குணமாவது படித்த பணக்காரர்களின் பழக்கம் என்று எண்ணுகிறவர்களுக்கு நான் எப்போதும் இதைச் சொல்வேன்.

எழுதிய தாளை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ அரசு கிளினிக்குக்கோ செல்லுங்கள். தைராய்டு குறைவும், இரத்தசோகையும், சைவ உணவினரிடம் அடிக்கடி காணப்படும் வைட்டமின் பி12 குறைபாடும், கட்டுப்படாத சர்க்கரையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய ஒன்றுக்காக மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது வீண்.

யார் யார் என்று அறிவது

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதிக்கொடுக்கலாம். உளவியலாளர் முதுகலைப் பட்டமும் பயிற்சியாண்டும் முடித்தவர். பேச்சு வழிச் சிகிச்சைதான் அவருடைய தொழில், இந்நாட்டில் அவர் மருந்து எழுத முடியாது. பதிவு பெற்ற ஆலோசகர் நான்காண்டுப் படிப்பு முடித்து, குறுகிய காலச் சிக்கல்களுக்கு உதவுபவர்; கட்டணமும் குறைவு. குடும்பச் சண்டை, குழந்தைப் பாதுகாப்பு, உதவித்தொகை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் சமூகப் பணியாளரே முதலில் தேவைப்படுகிறார்.

இவர்களுள் முதல் மூவரும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழிலோர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சமூகப் பணியாளருக்குத் தனி மன்றம் உண்டு. மன்றத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் முதலில் போனவருடைய அறையில் சட்டமிட்ட சான்றிதழ்கள் சுவர் நிறைய இருந்தன. பதிவு மட்டும் இல்லை. நாலு மாதமும், தமக்கை சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் போனபின்தான் அதைத் தேடிப் பார்க்க எங்களுக்குத் தோன்றியது. ஆலோசகர் என்று பலகை மாட்டியிருப்பவரெல்லாம் பதிவு பெற்றவர் அல்லர் என்பதை இந்தக் கட்டுரையில் வேறெதையும்விட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிகிச்சை வகைகளுள் எது எதற்கு

உலகெங்கும் அதிகமாக ஆராயப்பட்டது சிந்தனை நடத்தைச் சிகிச்சை. அமெரிக்காவில் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய முறை இது. அலுவலகத்தில் மேலாளர் முகம் கொடுக்காமல் நடந்துபோகிறார். "வேலை போகப்போகிறது, விசாவும் போகும், ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது" என்று மனம் கணப்பொழுதில் ஓடுகிறது. அன்றிரவு தூக்கம் இல்லை. மறுநாள் வேலையில் தவறு. இந்தச் சங்கிலியை ஒரு நோட்டில் கண்ணி கண்ணியாக எழுதி, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, மாற்று விளக்கம் உண்டா என்று சோதித்து, அடுத்த வாரம் செய்துபார்க்க ஒரு சிறு செயலையும் குறித்துக்கொள்வது இச்சிகிச்சையின் அன்றாட வேலை. பொதுவாக 12 முதல் 20 அமர்வுகளில் முடியும். வீட்டுப்பாடம் உண்டு, அதைச் செய்யாதவருக்குப் பயன் குறைவு. மனச்சோர்வு, பதற்றம், திடீர்ப் பீதி, ஓயாமல் கைகழுவுவது போன்ற கட்டாயச் செயல்கள் ஆகியவற்றுக்கு முதலில் கேட்க வேண்டியது இதுவே.

இதன் நடத்தைப் பகுதிக்கு இந்த மண்ணோடு நேரடி உறவு உண்டு. ஜோஹன்னஸ்பர்கில் 1915இல் பிறந்த ஜோசஃப் வோல்ப், இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராக இருந்தபோது, அஞ்சி நடுங்கிய வீரர்களுக்கு மருந்து மட்டும் போதாமல் போனதைக் கண்டவர். அச்சத்தைச் சிறு சிறு அளவாகச் சந்தித்து, உடலைத் தளர்த்தி, படிப்படியாகப் பழக்கும் முறையை அவர் வகுத்தார். அதை விளக்கும் அவருடைய நூல் 1958இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அதே நகரத்தவரான ஆர்னல்டு லாசரஸ் 'நடத்தைச் சிகிச்சை' என்ற பெயரை எழுத்தில் கொண்டுவந்தார். கார் பறிகொடுத்தபின் வண்டி ஓட்டவே முடியாமல் போனவருக்கு இந்த ஏணி எப்படி அமையும் என்று பாருங்கள்: முதல் வாரம் இயக்காத காரில் பத்து நிமிடம் உட்காருவது, பிறகு பகலில் துணையோடு தெருவைச் சுற்றுவது, பிறகு தனியாகக் கடைக்குப் போவது, இறுதியில், சம்பவம் நடந்த அந்த ரோபோவில் (போக்குவரத்து விளக்கை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்) சிவப்பு விளக்குக்கு நிற்பது. ஒவ்வொரு படியிலும் நடுக்கம் தானாகத் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும், பாதியில் இறங்கி ஓடினால் அச்சம் வளரும். ஆனால் கெட்ட கனவுகளும், நடந்தது மீண்டும் கண்முன் வருவதும் இருந்தால், இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். அதிர்ச்சிக்கென்று வகுத்த சிந்தனை நடத்தைச் சிகிச்சையையோ, கண்ணசைவின் துணையோடு நினைவைப் பதப்படுத்தும் ஈஎம்டிஆர் முறையையோ பயின்றவரைத் தேடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இவ்விரண்டையும் பரிந்துரைத்தது. கொள்ளையோ தாக்குதலோ நடந்த முதல் நாட்களில் "எல்லாவற்றையும் சொல்லிவிடு, பாரம் இறங்கும்" என்று வருகிறவர்களெல்லாம் கேட்பதை வீட்டார் தடுக்க வேண்டும். அவராகச் சொல்லும்போது கேட்டால் போதும்.

இழப்பு, மணமுறிவு, புதிய நாட்டில் தனிமை, பணி ஓய்வு போன்ற மாற்றங்களால் வந்த சோர்வுக்கு, உறவுகளை மையமாக வைத்துப் பேசும் சிகிச்சை ஏற்றது. சிறுவயதிலிருந்தே மீண்டும் மீண்டும் ஒரே குழியில் விழுகிறவர், காலமும் பணமும் இருந்தால், கடந்தகாலத்தை ஆழமாகப் பார்க்கும் உளவியக்கச் சிகிச்சையை நாடலாம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் வழக்கமும் கட்டுக்கடங்காத உணர்ச்சியும் உடையவர்களுக்காக அமெரிக்காவில் மார்ஷா லினெஹன் வகுத்த இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில் தனி அமர்வும் குழு வகுப்பும் சேர்ந்தே நடக்கும். கணவன் மனைவி பிணக்குக்கும் குடும்பச் சிக்கலுக்கும் ஃபாம்சா என்ற குடும்ப நல அமைப்பு டர்பன் உட்படப் பல நகரங்களில் இயங்குகிறது. வீட்டில் அடியும் மிரட்டலும் இருந்தால், இருவரையும் ஒரே அறையில் அமர்த்திப் பேசுவது ஆபத்து. அங்கே பாதுகாப்பு முதலில், தனித்தனி ஆலோசனை பிறகு.

கோயிலுக்கும் சிகிச்சைக்கும் பகை இல்லை. நேர்த்திக்கடன் பலருக்கு மனவலிமை தருகிறது. நான் அதைக் கண்டிருக்கிறேன். ஆனால் தைப்பூசக் காவடிக்காக விரதம் இருக்கும் நாட்களில் மாத்திரையை நிறுத்துவது கூடாது. அதிலும் மனநிலையைச் சீராக்கத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை உட்கொள்பவர் டர்பனின் கோடை வெயிலில் நீர் குறைத்து நோன்பிருந்தால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடும். விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

பிள்ளைக்கு உதவி வேண்டும்போது பெற்றோருக்கும் வேண்டும்

பிள்ளையை அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே காரில் காத்திருப்பது போதாது. சிறு பிள்ளைகளின் அடம், ஆத்திரம், கவனமின்மை ஆகியவற்றில் பெற்றோருக்குத் தரும் பயிற்சியே பெரும்பாலும் முதல் சிகிச்சை. பெற்றோர் குற்றவாளி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் பார்க்கும் உளவியலாளரைவிட, நாள் முழுதும் உடனிருப்பவர் செய்யும் சிறு மாற்றம் வலியது. ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் பிள்ளை தேர்ந்த விளையாட்டில் கட்டளையிடாமல் சேர்ந்துகொள்வது, நல்லதைக் கண்டவுடன் குறிப்பிட்டுப் பாராட்டுவது, கட்டளையை ஒன்றாகச் சுருக்குவது, அடிக்குப் பதிலாக முன்பே சொல்லிவைத்த விளைவைச் செயல்படுத்துவது ஆகியவைதான் அந்தப் பயிற்சியின் உள்ளடக்கம். தென்னாப்பிரிக்காவிலேயே சோதித்து உருவான 'சினோவுயோ' என்ற பயிற்சியில் பதின்ம வயதினருக்கான பதிப்பு 14 அமர்வுகளைக் கொண்டது. கோசா மொழியில் 'நமக்கு மகிழ்ச்சி உண்டு' என்பது அப்பெயரின் பொருள். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பங்கேற்ற திட்டம் என்பதால் அதன் கையேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெரிய பிள்ளைகள் விஷயத்தில் சட்டத்தை அறிந்திருங்கள். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, 12 வயது நிரம்பி, போதிய புரிதலும் உள்ள பிள்ளை தன் மருத்துவத்துக்குத் தானே சம்மதம் தரலாம். ஆகவே "உள்ளே என்ன பேசினான்" என்று நீங்கள் கேட்டால் உளவியலாளர் முழுதும் சொல்லமாட்டார். அது பிள்ளையின் நம்பிக்கையைக் காப்பதற்காக. உயிராபத்து இருந்தால் சொல்வார். குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது அவருடைய சட்டக் கடமை. இந்த எல்லைகளை முதல் நாளிலேயே பிள்ளையும் இருக்கும்போது பேசிவைத்தால் பின்னால் மனத்தாங்கல் வராது.

துணைக்குழு என்பது வேறு

துணைக்குழுவில் சிகிச்சையாளர் இருக்க வேண்டியதில்லை. ஒரே துன்பத்தைச் சுமப்பவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்பார்கள். கட்டணம் பெரும்பாலும் இல்லை. புதியவர் தன் முதற்பெயரை மட்டும் சொன்னால் போதும். பேச விருப்பமில்லை என்றால் "இன்று கேட்கவே வந்தேன்" என்று சொல்லிவிடலாம். சடாக் நாடெங்கும் இத்தகைய குழுக்களை நடத்துகிறது. அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குடியை விட விரும்புகிறவர்களுக்கு. அங்கேயே 1951இல் பிறந்த அல்-அனான் குடிப்பவரின் வீட்டாருக்கு. போதைப்பொருள் பழக்கமுள்ளவரின் குடும்பத்துக்கு நார்-அனான் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்காக இங்கிலாந்தில் 1969இல் தொடங்கிய கம்பேஷனட் ஃப்ரெண்ட்ஸ் இங்கும் இயங்குகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஆட்டிசம் சவுத் ஆப்பிரிக்காவைக் கேட்டுத் தம் பகுதியின் குழுவை அறியலாம்.

சாட்ஸ்வர்த் தாய்மாருக்கு 'ஷுகர்ஸ்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஹெராயின் கலந்த அந்தத் தூளை நிறுத்தும்போது உடல்வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரும். அதற்கு மருத்துவ மேற்பார்வை வேண்டும். வெறும் பேச்சும் அறையில் பூட்டிவைப்பதும் அங்கே உதவா. நிறுத்தியபின் மறுபடி அதே அளவை எடுத்தால் உடல் தாங்காமல் உயிர் போகலாம் என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். என் தமக்கை பெற்றோர் குழுவுக்கு முதலில் போனது மகனை மாற்றும் வழி கேட்கத்தான். அங்கே ஒரு தாய், "பணம் கேட்டு மிரட்டும்போது கொடுக்காமல் இருக்கவும், அன்றே அவனுக்குச் சோறு போடவும் நான் கற்றுக்கொண்டேன்" என்றாராம். அக்கா அந்த வாரம் முழுதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் சிகிச்சைக்குச் சம்மதித்தது அதற்குப் பல மாதம் கழித்து. அந்த மாதங்களில் அவளைத் தாங்கியது அந்தக் குழு.

கோயிலில் பார்க்கும் முகமே குழுவிலும் இருந்தால் என்ன செய்வது என்ற தயக்கம் நியாயமானது. வேறு பேட்டையில் நடக்கும் குழுவுக்குப் போகலாம். இணையவழிக் குழுக்களும் உள்ளன. ஒரு குழுவை மூன்று முறையாவது பார்த்தபின் முடிவு செய்யுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் குழுவையும், பணம் திரட்டும் குழுவையும், ஒருவரே பேசிக்கொண்டிருக்கும் குழுவையும் விட்டுவிடுங்கள்.

செலவு

மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்புத் திட்டம் இருப்பவர்கள் பலர் தம் உரிமையை அறியாமல் கைப்பணம் செலவிடுகிறார்கள். கடும் மனச்சோர்வும் இருதுருவக் கோளாறும் பிஎம்பி எனப்படும் குறைந்தபட்சக் கட்டாயப் பலன்களில் அடங்கும்: ஆண்டுக்கு மூன்று வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை, அல்லது 15 முறை வரை வெளியில் பேச்சு வழிச் சிகிச்சை. அண்மையில் நேர்ந்த கடும் அதிர்ச்சிக்கு 12 முறை வரை உண்டு. இந்தச் செலவு மெடிக்கல் எய்டில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிக்கப்படக் கூடாது. உளவியலாளரிடம் நோய்க் குறியீட்டெண் எழுதிய விண்ணப்பத்தைப் பெற்று, "பிஎம்பி பலனாகப் பதியுங்கள்" என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெறலாம். வரிசை நீளமாக இருக்கும், ஆகவே பெயரைப் பதிந்துவிட்டுக் குழுவுக்கும் போய்க்கொண்டிருங்கள். டர்பனில் டர்பன் கரையோர மனநலச் சங்கமும் உண்டு. உளவியலாளராகப் பயிற்சி பெறும் மாணவர்கள் மூத்தவரின் மேற்பார்வையில் நடத்தும் பல்கலைக்கழக மருத்துவகங்களைப் பற்றியும் விசாரியுங்கள். அங்கே கட்டணம் குறைவு.

முதல் அமர்வும் மொழியும்

தொலைபேசியில் கேட்க வேண்டியவை நான்கு: உங்கள் பதிவு எண் என்ன, இந்தச் சிக்கலுக்கு எந்த முறையைக் கையாள்வீர்கள், ஏறத்தாழ எத்தனை அமர்வு, வராவிட்டால் கட்டணம் உண்டா. முதல் அமர்வில் பெரும்பாலும் கேள்விகளே இருக்கும்; அழுகை வந்தால் அடக்க வேண்டாம். நான்காம் அமர்வில், "நான் வந்த காரணத்தில் ஏதாவது நகர்ந்திருக்கிறதா" என்று நீங்களே கேளுங்கள். நகரவில்லை என்றால் ஆளையோ முறையையோ மாற்றலாம். நன்றிகெட்ட செயலாக நல்ல சிகிச்சையாளர் எவரும் அதை எண்ணமாட்டார்.

1996ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் மதிப்பளிக்க வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆயினும் தமிழில் சிகிச்சை தருபவர் கிடைப்பது அரிது. ஆங்கிலம் தடுமாறும் தாத்தாவுக்கோ புதிதாக வந்த மருமகளுக்கோ மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையையும் கணவனையும் அமர்த்தாதீர்கள். அவர்கள் முன்னால் சொல்ல முடியாததுதான் பெரும்பாலும் சொல்ல வேண்டியதாக இருக்கும். உறவில்லாத, வாய்காக்கும் ஒருவரை அமர்த்துங்கள். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருக்கும் உளவியலாளருடன் இணையவழியில் பேசுபவர்களும் உண்டு. அது பயன்தரலாம், ஆனால் நெருக்கடி வந்தால் இங்கே யாரை அழைப்பது என்பதை முன்பே இருவரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் குழுவே இல்லையென்றால் மூன்று பேர் சேர்ந்து தொடங்கலாம். புதிய குழு தொடங்குவோருக்குச் சடாக் பயிற்சியும் வழிகாட்டலும் தருகிறது. கோயில் மண்டபமோ நூலக அறையோ, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒன்றரை மணி நேரம். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, கேட்காத அறிவுரை கூடாது, யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்ற மூன்று விதிகளை ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் படியுங்கள். தேநீரைக் கூட்டம் முடிந்தபின் கொடுங்கள். உள்ளே பேசாதவர்கள் அப்போதுதான் பக்கத்தில் வந்து மெல்லப் பேசுவார்கள். கதவுக்கு அருகே, போகும்போது எவரும் கிழித்து எடுத்துக்கொள்ளும்படி, 0800 567 567 என்ற எண்ணைத் துண்டுத் துண்டாக எழுதிய தாள் ஒன்றை ஒட்டிவையுங்கள்.